செய்கூலி மட்டுமே விலை



1996 ஏப்ரலில் நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் உடைமைகளை ஏலம் விட்டது. அவற்றுள் ஒன்று மூன்று சர முத்துமாலை. அவர் மகன் ஜான் கைக்குழந்தையாக இருந்தபோது தாயின் கழுத்திலிருந்து அதைப் பிடித்து இழுக்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அந்த மாலையில் ஒரு முத்துகூடக் கடலில் விளைந்ததில்லை, அத்தனையும் போலி. சோத்பீஸ் அதற்கு 500 முதல் 700 டாலர் வரை மதிப்பிட்டிருந்தது. அது விலைபோனது 2,11,500 டாலருக்கு.

அந்தத் தொகையில் பெரும்பகுதி அணிந்தவரின் பெயருக்காகத் தரப்பட்டது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அணிந்தவர் யாரென்றே தெரியாத, தங்கமோ வைரமோ சிறிதும் இல்லாத பழைய நகைகளையும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரம் பேர் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். காஸ்ட்யூம் ஜுவல்லரி என்று அவற்றைச் சொல்கிறார்கள். நம் ஊரில் ‘கவரிங்’ என்றதும் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தச் சுளிப்பைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, 1920 முதல் 1960 வரை பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள் செய்த அந்த நகைகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இந்த உரையின் வேலை.

நகைக்கடை ரசீதில் தங்கத்தின் எடை இருக்கும், அன்றைய விலை இருக்கும், கீழே செய்கூலியும் சேதாரமும் இருக்கும். செய்கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாத குடும்பம் அரிது. காஸ்ட்யூம் நகையில் இந்தக் கணக்குத் தலைகீழாகிறது. பித்தளை, வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக்: பொருளுக்கு விலையே இல்லை. விலை முழுவதும் செய்கூலிதான். கற்பனைக்கும் கைத்திறனுக்கும் தரும் கூலி.

இதனால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. தங்க நகை உருகும். பாட்டியின் அட்டிகை பேத்தியின் நெக்லஸ் ஆவது நம் வீடுகளில் சாதாரணம். அரச குடும்பங்களுக்கும் இதுவே கதி. 1887இல் பிரான்சின் குடியரசு தன் மன்னர்களின் அணிகலன்களை ஏலம் விட்டபோது வாங்கியவர்களில் பலர் நகை வணிகர்கள். கற்களைக் கழற்றிப் புது நகைகளில் பதித்தார்கள்; பழைய வடிவங்கள் பல அத்துடன் அழிந்தன. போலி நகையை உருக்கினால் காசு தேறாது. ஆகவே குப்பைத் தொட்டிக்குப் போகாமல் தப்பியது எதுவோ, அது செய்த நாளின் வடிவத்திலேயே தப்பியது. 1938இல் ஒரு பெண் தன் கோட்டில் எதைக் குத்திக்கொண்டாள் என்று அறிய விரும்புபவருக்கு வைரங்களைவிட இந்தக் கண்ணாடிகள் நேர்மையான சாட்சி.

இந்தக் கண்ணாடிகளின் கதை பாரிசில் தொடங்குகிறது. ஸ்திராஸ்பூர் பக்கத்திலிருந்து வந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்ட்ராஸ் என்ற நகைக்காரர், காரீயம் மிகுந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம்போல் மின்னவைத்தார். 1734இல் மன்னரின் நகைக்காரர் என்ற பட்டமும் பெற்றார். அடுத்த பெரிய பாய்ச்சல் பொஹீமியாவில் நிகழ்ந்தது. காப்லோன்ஸ் என்ற ஊரும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களும் கண்ணாடி மணி, பொத்தான், வளையல் என்று உலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியப் பெண்கள் அணிந்த கண்ணாடி வளையல்களில் ஒரு பங்கு அங்கிருந்து கப்பலேறி வந்தது. அந்த வட்டாரத்தில் 1862இல் பிறந்த டேனியல் ஸ்வரோவ்ஸ்கி, கல்லைப் பட்டை தீட்டும் மின் இயந்திரத்துக்கு 1892இல் காப்புரிமை பெற்றார். 1895இல் தன் தொழிலை ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் உள்ள வாட்டன்ஸுக்குக் கொண்டுபோனார். மலையருவிகள் தரும் நீர்விசை அங்கே இருந்தது. தொழில் ரகசியத்தைக் கவனிக்கும் போட்டியாளர்கள் அங்கே இல்லை.

ஆனாலும் போலி நகையைப் பணக்காரப் பெண்ணும் வெட்கப்படாமல் அணியலாம் என்ற நிலையை உண்டாக்கியவர் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கோகோ சனேல். 1920களில் அவர் அசலையும் போலியையும் ஒரே கழுத்தில் கலந்து அணிந்தார். தன் வாடிக்கையாளர்களையும் அணியவைத்தார். அவருக்காகக் கிரிப்வா குடும்பத்தின் பட்டறை, உருகிய வண்ணக் கண்ணாடியை உலோகக் கூட்டுக்குள் ஊற்றிக் கல்லாக்கியது. சிசிலியைச் சேர்ந்த ஃபுல்கோ டி வெர்டுரா அவருக்காக மால்ட்டா சிலுவை பதித்த அகலமான கைக்காப்புகளை வரைந்தார். சனேலின் போட்டியாளர் எல்சா ஸ்கியாபரெல்லி இன்னும் துணிச்சல்காரர். அவருடைய 1938 இலையுதிர்காலத் தொகுப்பில் ஒரு கழுத்தணி வந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வண்ணம் தீட்டிய உலோகப் பூச்சிகளைப் பதித்திருந்தார்கள். அணிந்தால் பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாது. கழுத்தின் தோலில் வண்டுகள் ஊர்வதுபோல் இருக்கும். இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாரிஸ் தொடங்கிவைத்தது, பெருக்கியது அமெரிக்கா. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மலிவான உலோகத்தின் மேல் தங்கத் தகடு போர்த்தும் தொழில் வளர்ந்திருந்தது. 1929க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் உயர்ந்த நகைகளை வாங்க ஆளில்லை. உயர்ந்த நகை செய்த கைகள் பல காஸ்ட்யூம் நகைக்கு வந்தன. பாரிசில் கார்த்தியே பட்டறையில் தொழில் பழகிய மார்செல் பூஷே அப்படி வந்தவர். ஆல்ஃபிரட் ஃபிலிப் இன்னொருவர். கார்த்தியேவுக்கும் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸுக்கும் நகை செய்து தந்த நியூயார்க் பட்டறையில் வரைந்துகொண்டிருந்த அவர், 1930இல் காஸ்ட்யூம் நகை செய்யும் டிரிஃபாரி நிறுவனத்தில் சேர்ந்தார். 1968 வரை அங்கேயே இருந்தார். வான் கிளீஃபின் புகழ்பெற்ற உத்தி ஒன்று உண்டு: கல்லைப் பிடித்திருக்கும் உலோகம் வெளியே தெரியாமல் சிவப்புக் கற்களை அடுத்தடுத்துப் பதிப்பது. அந்தத் தோற்றத்தை ஃபிலிப் கண்ணாடிக்குக் கொண்டுவந்தார். நேற்றுவரை கோடீஸ்வரர் வீட்டுக்குப் போன வடிவம் பல்பொருள் அங்காடியின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தது. 1953இல் அதிபராகப் பதவியேற்ற ஐசன்ஹோவரின் மனைவி மேமி, பதவியேற்பு நடன விருந்துக்கு அணியப் போலி முத்து அணிகளை டிரிஃபாரியிடம் சொல்லிச் செய்வித்தார். வரைந்தவர் ஃபிலிப்.

மிரியம் ஹாஸ்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 1899இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்த இவர், 1926இல் நியூயார்க்கின் மெக்கால்பின் ஹோட்டலில் சிறு நகைக்கடை திறந்தார். வடிவமைப்பாளராக அவர் கண்டெடுத்த ஃபிராங்க் ஹெஸ், மேசிஸ் அங்காடியில் காட்சிச் சாளரங்களை அலங்கரித்தவர். ஹாஸ்கல் நகையில் கல்லை ஒட்டுவது அரிது. துளையிட்ட பித்தளைப் பின்னல் தகட்டில், நுண்ணிய கம்பியால் ஒவ்வொரு மணியையும் கையால் கோத்து முடிவார்கள். பூமாலை கட்டும் விரல்களின் பொறுமை அதற்கு வேண்டும். முத்துகளின் மேல் மீன் செதிலிலிருந்து எடுத்த பளபளப்புக் குழம்பைப் பூச்சுப் பூச்சாக ஏற்றியிருப்பார்கள். அதனால் அவற்றின் ஒளி மேலே தெறிக்காமல் உள்ளிருந்து வருவதாகத் தோன்றும். ஒரு ஹாஸ்கல் புரூச்சைத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கத்துக்கு இணையான அழகில் இன்னொரு பின்னல் தகடு கம்பி முடிச்சுகளை மூடியிருக்கும். யாரும் பார்க்காத பக்கத்துக்கும் அவ்வளவு உழைப்பு. 1950 வாக்கில் உடல்நலம் குன்றிய ஹாஸ்கல் நிறுவனத்தை இழந்தார். ஹெஸ் 1960 வரை தொடர்ந்தார். இத்தனைக்கும் 1940களின் பிற்பகுதி வரை அவர்களுடைய நகைகளில் பெரும்பாலானவற்றில் பெயரே பொறிக்கப்படவில்லை.

பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னோம். இந்தச் சேகரிப்பில் தேர்ந்தவர்கள் நகையைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்புவார்கள். முன்பக்கம் மயக்கும், காலத்தைச் சொல்வது பின்பக்கம்தான். காதணியில் திருகாணி இருக்கிறதா, கிளிப் இருக்கிறதா என்பதே ஒரு தடயம், ஏனெனில் கிளிப் 1930களில்தான் பரவியது. ‘கோரோ டூயட்’ என்ற நகை இரண்டு கிளிப்புகளாகப் பிரியும். ஒரு சட்டத்தில் மாட்டினால் ஒரே புரூச் ஆகும். அதன் சட்டத்தில் 1798867 என்ற எண் இருந்தால், அது 1931 மார்ச்சில் அளிக்கப்பட்ட காப்புரிமை. அந்த எண் இயந்திர அமைப்புக்கு உரியது என்பதால் நகை அதற்குப் பிந்தியது என்று மட்டும் சொல்லலாம். அந்த ஆண்டே செய்தது என்று சொல்லக் கூடாது. புதியவர்கள் பலர் இந்த இடத்தில் இடறுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற முத்திரை இன்னும் தெளிவானது. 1942இல் அமெரிக்க அரசு வெள்ளீயம் முதலான உலோகங்களைப் போர்த் தேவைக்கு ஒதுக்கியது. நகைக்காரர்களுக்கு எஞ்சியது வெள்ளி. வேடிக்கையான நிலைமைதான்: மலிவான உலோகம் கிடைக்காததால் போலி நகையை அசல் வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசினார்கள். பின்பக்கத்தில் ‘ஸ்டெர்லிங்’ என்று பொறித்த பெரிய, கனத்த புரூச்சுகள் பெரும்பாலும் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஐரோப்பாவிலிருந்து கல்லும் மணியும் வருவது நின்றது. ஹாஸ்கல் பட்டறை சிப்பி, மரம், பிளாஸ்டிக் என்று உள்ளூரில் அகப்பட்டதைக் கோத்தது. டிரிஃபாரி, விமானங்களின் ஒளி ஊடுருவும் கூரைகளுக்குப் பயன்பட்ட லூசைட் என்ற பிளாஸ்டிக்கைக் கடைந்து மீன், சேவல், தவளை முதலியவற்றுக்கு வயிறாக வைத்தது. ‘ஜெல்லி பெல்லி’ என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடும் அந்தப் பிராணிகள் தட்டுப்பாட்டின் பிள்ளைகள். போர் முடிந்ததும் வெள்ளியிலிருந்து மலிவான உலோகத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்று தன் புதிய கலவைக்கு ‘டிரிஃபேனியம்’ என்று கம்பீரமாகப் பெயர் வைத்தது டிரிஃபாரி.

அதே போர் காப்லோன்ஸைக் கலைத்தது. 1945, 46இல், பொஹீமியா அடங்கிய செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடி ஊதியும் அச்சிட்டும் வந்த குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு கிளம்பின. பவேரியாவில் காவ்ஃப்பாய்ரன் நகரை ஒட்டி, கைவிடப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்தில் குடியேறி, மீண்டும் நகை செய்யத் தொடங்கின. அந்தப் பகுதிக்கு நாய்காப்லோன்ஸ், புதிய காப்லோன்ஸ், என்று பெயரிட்டார்கள். ஒரு சிறிய கொக்கியில் ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்ற பொறிப்பைக் காணும்போது அது 1949க்குப் பிந்தியது என்று குறித்துக்கொள்வதோடு நிற்காமல், இந்த இடப்பெயர்ச்சியையும் சேகரிப்பாளர் அறிந்திருக்க வேண்டும். ஊரை இழந்தவர்கள் கையில் மிஞ்சியது தொழில்தான். அந்தத் தொழிலின் துண்டுகள் இன்று ஐரோப்பியப் பழைய சாமான் சந்தைகளில் சில யூரோவுக்குக் கிடக்கின்றன.

வழக்குமன்றமும் தன் பங்குக்கு ஒரு குறியை விட்டுச்சென்றது. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேசைவிளக்கின் அடித்தண்டாக விற்கப்பட்ட சிறு சிலைகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு டிரிஃபாரி, தன் வடிவத்தை நகலெடுத்த சாரெல் நிறுவனத்தை நியூயார்க் நீதிமன்றத்துக்கு இழுத்தது. காஸ்ட்யூம் நகையும் கலைப்படைப்பு ஆகலாம், பதிப்புரிமை பெறலாம் என்று 1955இல் தீர்ப்பானது. அதன்பின் வட்டத்துக்குள் சி எழுத்து கொண்ட பதிப்புரிமைக் குறி நகைகளின் முதுகில் பரவலாக இடம்பிடித்தது. அக்குறி இருந்தால் நகையை 1955க்குப் பிந்தியதாகக் கொள்வது சேகரிப்பாளர் வழக்கம். மலிவான உலோகத்தில் செய்த நகையை நீதிமன்றம் கலை என்று ஏற்றது, இந்தத் துறையின் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் பெரிய நிகழ்ச்சி.

எல்லாக் குறியும் இவ்வளவு வளைத்துப் பேசுவதில்லை. ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் ஹென்கல் அண்ட் கிராஸ் நிறுவனம் 1955 முதல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோருக்காக நகை செய்தபோது ஆண்டையே பொறித்துவிட்டது. கல்லும் பேசும். எண்ணெய் படிந்த நீரில் தெரிவதுபோல் வானவில் ஓடும் ‘அரோரா போரியாலிஸ்’ கற்களை ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம், தியோருடன் சேர்ந்து 1950களின் நடுவில் அறிமுகப்படுத்தியது. அந்தக் கல் பதித்த நகையை ஒருவர் 1940ஐச் சேர்ந்தது என்று விற்றால், கல்லைப் பிற்காலத்தில் மாற்றியிருக்க வேண்டும், அல்லது விற்பவர் சொல்வது தவறு.

பெயருக்கு மயங்குவது இந்தச் சேகரிப்பின் பெரிய ஆபத்து. 1941இல் ரெய்னாட் என்ற அமெரிக்க நிறுவனம் கையெழுத்துப் பாணியில் ‘சனேல்’ என்று பொறித்துச் சில நகைகளை விற்றது. பாரிஸ் சனேலுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. அந்த நகைகள் நேர்த்தியானவை, சேகரிக்கத் தகுந்தவைதான். ஆனால் பாரிஸ் நகை என்று நினைத்து வாங்குபவர் வேறொன்றை வாங்குகிறார். அதேபோல், பழைய ஜெல்லி பெல்லி புரூச்சிலிருந்து அச்செடுத்துப் புதிதாக வார்ப்பவர்கள் உண்டு. அப்படி வார்க்கும்போது பெயரும் சேர்ந்தே நகலாகும். கொஞ்சம் மழுங்கிய எழுத்து, அழுத்தம் குறைந்த விளிம்பு, கல்லைச் சுற்றி வழிந்த பசை, பழைய உடலில் புத்தம்புதுக் கொக்கி ஆகியவற்றைத் தேடவேண்டும். பத்து அசல்களைக் கையில் எடுத்து எடை உணர்ந்தவரை ஏமாற்றுவது கடினம். படத்தை மட்டும் பார்த்து வாங்குபவரை ஏமாற்றுவது சுலபம்.

திரையுலகமும் இதில் ஒரு கிளை. ஹாலிவுட்டில் யூஜீன் ஜோசெஃப், ஸ்டுடியோ விளக்குகளின் கூசும் ஒளியில் தங்க முலாம் கண்ணைப் பறிப்பதைக் கவனித்து, மங்கலான ஒரு பொன்பூச்சை உருவாக்கினார். ‘கான் வித் த விண்ட்’ உள்ளிட்ட படங்களுக்கு நகை தந்தார். ஸ்டுடியோக்களுக்கு அவர் விற்கவில்லை, வாடகைக்கே கொடுத்தார். எனவே அந்த நகைகள் சிதறாமல் அவரிடமே சேர்ந்தன. 1948இல் விமான விபத்தில் அவர் இறந்தபின் மனைவி ஜோன் காசில் ஜோசெஃப் தொழிலைத் தொடர்ந்தார்.

சேர்த்ததைக் காப்பது சேர்ப்பதைவிடக் கடினம். கண்ணாடிக் கற்களின் முதுகில் ஜிகினாப் பூச்சு இருக்கும். மின்னுவதற்குக் காரணம் அதுதான். ஒரு துளி நீர் கூட்டுக்குள் இறங்கினால் பூச்சு உரிந்து கல் கறுக்கும், பிறகு அது திரும்பாது. ஆகவே நீரில் முக்கக் கூடாது. மீயொலிக் கருவியில் போடவே கூடாது. உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். வாசனைத் திரவியமும் தலைமுடி ஸ்பிரேயும் முத்துப் பூச்சைத் தின்னும், எனவே அவற்றையெல்லாம் பூசி முடித்தபின்தான் நகையை அணிய வேண்டும். பச்சைக் களிம்பு பிடித்த ஒன்றை மற்றவற்றோடு வைக்கக் கூடாது. சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். செல்லுலாய்டு நகை சிதையத் தொடங்கினால் அதிலிருந்து எழும் ஆவி அருகிலுள்ளதையும் கெடுக்கும். அதற்குக் காற்றோட்டமான தனி இடம். பழைய வெள்ளை உலோகத்தில் காரீயம் கலந்திருப்பதால் குழந்தைகள் வாயில் வைக்கும்படி விடவே கூடாது.

பூட்டி வைக்கத்தான் சேர்க்கவேண்டுமா? மடலின் ஆல்பிரைட் அப்படி நினைக்கவில்லை. 1994இல் அவர் ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, ஈராக்கின் அரசுப் பத்திரிகையில் வந்த ஒரு கவிதை அவரைப் பாம்பு என்று வசைபாடியது. அடுத்து ஈராக் அதிகாரிகளைச் சந்திக்கப் போனபோது அவர் பாம்பு வடிவப் புரூச் ஒன்றை அணிந்து போனார். அதன்பின் வெளியுறவு அமைச்சரானபோதும் பேச்சுவார்த்தையின் மனநிலையை அவர் புரூச்சுகளே முன்கூட்டிச் சொல்லின. 2009இல் அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார்; நியூயார்க்கின் கலை மற்றும் வடிவமைப்பு அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அந்தத் தொகுப்பில் விலை குறைந்த காஸ்ட்யூம் நகைகள் ஏராளம். உயர்ந்த அரசியல் மேசையில் கண்ணாடிக்கல்லும் தகரமும் தம் வேலையைச் செய்தன.

இவ்வளவு பெயர்களைச் சொன்னபின், பெயரில்லாதவற்றைச் சொல்லாமல் முடிப்பது நியாயமாகாது. டிலிசா அண்ட் எல்ஸ்டர் என்ற நிறுவனம் 1947 முதல் நியூயார்க்கில் இயங்கியது. வேறு நிறுவனங்களுக்காகப் பேரளவில் நகை செய்து கொடுத்தது. தன் பெயரைப் பொறிக்கவில்லை. 1960களில் கொஞ்ச காலம் ‘ஜூலியானா’ என்ற காகித அட்டையைத் தொங்கவிட்டு விற்றது. அட்டை முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும். பல ஆண்டுகள் கழித்து, அட்டை தப்பிய சில நகைகளை வைத்துச் சேகரிப்பாளர்கள் மற்றவற்றை ஒப்பிடத் தொடங்கினார்கள். ஐந்து துண்டுகள் இணைந்த கைச்சங்கிலி, துண்டுகளை இணைக்கும் விதம், முதுகில் பற்றவைத்த தடம் என்று கூட்டிப் பார்த்தார்கள். நிறுவனர் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிராங்க் டிலிசாவைக் கண்டுபிடித்து, படங்களைக் காட்டிக் கேட்டார்கள். அவர் ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார். அதுவரை ‘யாரோ செய்தது’ என்று கிடந்த நகைகளுக்குச் செய்தவர் கிடைத்தார்.

இந்த வேலை முடியவில்லை. பிராவிடன்ஸின் பழைய பட்டறைகளிலும் நாய்காப்லோன்ஸிலும் நகை செய்தவர்களில் இன்னும் இருப்பவர்கள் முதியவர்கள். பெயரில்லாத ஒரு புரூச்சை வாங்குபவர் அதன் இரு பக்கங்களையும் படம் எடுத்து, அளவு, எடை, கொக்கியின் வகை, கற்களின் நிறம், வாங்கிய ஊர், விற்றவர் சொன்ன விவரம் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கவேண்டும். அதைச் செய்த கையை நினைவில் வைத்திருக்கும் ஒருவரிடம் அந்தக் குறிப்பு போய்ச்சேரும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் இருக்கிறது.